கார் ஏசி குளிரவில்லையா? காஸ் அடிக்க முதல் இதைப் பாருங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை ஏசி பற்றியவைதான். சித்திரை, வைகாசி வெயில் ஒரு காரணம். இன்னொன்று, 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது, திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஆக்கள்தான் கனக்க. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடக் கார்களை வைத்து ஓடுகிறோம், இன்னும் சில காலம் ஓடத்தான் போகிறோம். அந்தக் கார்களின் ஏசி நன்றாகத்தான் செய்யப்பட்டது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் வயது இல்லை, காரணம் பார்க்காமல் காஸ் அடித்துக்கொண்டே இருப்பது. கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் "காஸ் அடித்தோம், பிறகும் சரிவரவில்லை" என்ற வரி இருந்தபடியால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

உரும்பிராயிலிருந்து ஓர் ஆசிரியர்: என்னிடம் 1998ஆம் ஆண்டு கொரோலா 110 இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை காஸ் அடித்தாயிற்று. அடித்த கிழமை நல்ல குளிர், பிறகு குறைந்துகொண்டே வரும். இப்போது பலாலி வீதியில் ஓடும்போது கொஞ்சம் குளிர்கிறது, ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் நின்றால் வெறும் காற்றுத்தான். கொம்பிரசர் போய்விட்டது, பாவித்த ஜப்பான் கொம்பிரசர் ஒன்று போடலாம் என்கிறார்கள். போடவா?

சேர், கொம்பிரசரை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் தெரிகின்றன, இரண்டையும் யாரும் இன்னும் தேடிப் பார்க்கவில்லை.

முதலாவது, காஸ். ஏசிக் காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. கொம்பிரசர் அமுக்கித் தள்ள மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் ரேடியேட்டருக்கு முன் இருக்கிற கொண்டென்சரில் வெளியே விடுகிறது, திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். பழைய கார்களில் ரப்பர் குழாய் வழியாகவும் கொம்பிரசர் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது வழமை. ஆனால் ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை என்றால் ஓட்டை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஓட்டையைத் தேடாமல் காஸ் அடித்தவர் உங்கள் காசை மூன்று தடவை காற்றில் விட்டிருக்கிறார். காஸோடு சேர்த்துக் கொம்பிரசர் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அதை ஒருவரும் திருப்பி ஊற்றுவதில்லை, எண்ணெய் குறைந்த கொம்பிரசர் தேயும், பிறகு "கொம்பிரசர் போய்விட்டது" என்பது உண்மையாகவே ஆகிவிடும். நாலாவது தடவை அப்படி அடிக்க விடாதீர்கள்.

ஓட்டையைத் தேடுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. காஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும், எண்ணெயில் தூசி ஒட்டும். உங்கள் பக்கத்துச் செம்மண் இதற்கு நல்ல உதவி, பானட்டைத் திறந்து ஒரு ரோச்சைப் பிடித்து அலுமினியக் குழாய் மூட்டுகள், ரப்பர் குழாயை அழுத்திப் பூட்டிய இடங்கள், கொம்பிரசர் கிளட்சைச் சுற்றி, கொண்டென்சரின் கீழ்ப்பக்கம் எல்லாம் வடிவாகப் பாருங்கள், எங்கேயாவது சிவப்பும் கறுப்புமாக ஈரப்பிடிப்பான படை தெரிந்தால் அதுதான் முதல் சந்தேகம். காஸ் ஏற்றுகிற இரண்டு வாயிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கவேண்டும், கன கார்களில் அது தொலைந்துபோயிருக்கும். உள்ளே இருப்பது சைக்கிள் ரியூப் வால்வ் மாதிரியான ஒரு சின்ன ஊசி. அது கசிந்தாலே ஒரு மாதத்தில் குளிர் போய்விடும், அதை மாற்ற ஆகிற செலவு மிகச் சின்னது. அந்த வாயில் சவர்க்காரத் தண்ணி விட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் கராச்சில் உலர்ந்த நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கினால் மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை வைத்துப் பிடிக்கலாம். வெளியே எங்கும் நுரை வராமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் டாஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் கொயிலில் ஓட்டை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், நைட்ரஜன் இல்லை என்று ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எண்ணெயும் அழுத்தமான ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும், இதில் விளையாட்டே கூடாது. ரயருக்குக் காற்றடிக்கிற காற்றும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் என்று சின்ன டின்னில் விற்கிற மருந்தும் வேண்டாம், அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, கூலிங் கொயிலுக்குள் காஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடும்.

ஓட்டை சரிசெய்த பிறகு டிரையரை மாற்றுங்கள். குழாய்க்குள் வருகிற ஈரத்தை உறிஞ்சி வைக்கிற சின்ன உருளைதான் அது, ஓட்டையோடு மாதக்கணக்கில் ஓடிய காரில் அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பிறகு வக்யூம் பம்ப் போட்டுக் குறைந்தது அரை மணித்தியாலம் உறிஞ்சி, பம்பை நிறுத்திவிட்டுக் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று இன்னும் பதினைந்து நிமிடம் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் வக்யூம் முடிந்தது என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். காஸ் அடிக்கும்போது தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கள். இந்த அளவுக் காருக்கு 500 முதல் 700 கிராம்வரைதான் பிடிக்கும், உங்கள் காருக்கு உரிய சரியான அளவு பானட்டின் கீழ் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும், அது கிழிந்திருந்தால் காரின் கையேட்டில் பாருங்கள். கூட அடித்தால் கூடக் குளிரும் என்று நினைக்கிறார்கள், அது தலைகீழ்: கூடினால் அழுத்தம் ஏறும், குளிர் குறையும், கொம்பிரசர் திணறும். இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் காரில் இருக்கிற ஆர் 134ஏ என்ற காஸ் ஒரு கிலோ வெளியே போனால் ஏறத்தாழ 1,430 கிலோ காபனீரொட்சைட்டு செய்கிற அளவு வெப்பத்தை வளிமண்டலத்தில் பிடித்து வைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று தடவை கசியவிட்டது உங்கள் பொக்கெற்றோடு நிற்கிற விஷயம் இல்லை.

இரண்டாவது பிரச்சினை, நின்றால் சூடு, ஓடினால் குளிர். இது காஸ் குறைவிலும் வரும், ஆனால் உங்கள் விவரத்தைப் பார்த்தால் கொண்டென்சரில்தான் எனக்குச் சந்தேகம். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிரவைக்கிறது, நிற்கும்போது ஃபான்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். எஞ்சினைப் போட்டு ஏசியைப் போட்டதும் முன்னால் போய் ஃபான் சுற்றுகிறதா என்று பாருங்கள், கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். சுற்றவில்லையா, ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டர், இந்த ஒழுங்கில் பாருங்கள். சோம்பலாகச் சுற்றுகிறதா, மோட்டரின் பிரஷ் தேய்ந்திருக்கும். ஃபான் நன்றாகச் சுற்றினால் இன்னொரு சோதனை: கார் நின்றபடி ஏசி ஓடட்டும், கொண்டென்சரில் முன்பக்கமாக மெதுவாகத் தண்ணி தெளியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே குளிர் கூடினால் கொண்டென்சருக்குள் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம், அதாவது ரேடியேட்டருக்கும் கொண்டென்சருக்கும் நடுவில் செம்மண்ணும் பூச்சியும் சருகும் அடைத்துக் கிடக்கின்றன. ரேடியேட்டரைக் கழற்றி இரண்டுக்கும் இடையில் கழுவவேண்டும், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணியில். சேர்விஸ் ஸ்டேஷனில் காரடிக்கிற பிரஷர் தண்ணியைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து முழுதும் மூடிக்கொள்ளும்.

கொம்பிரசர் உண்மையில் போய்விட்டதா என்பதைக் கேஜ் சொல்லும், ஆளுடைய அனுபவம் சொல்லத் தேவையில்லை. காஸ் ஏற்றுகிற இரண்டு வாயிலும் அழுத்தம் காட்டுகிற கேஜ் பூட்டச் சொல்லுங்கள், ஒன்று கொம்பிரசருக்குள் காஸ் போகிற தாழ்பக்கம், மற்றது கொம்பிரசர் அமுக்கி வெளியே விடுகிற உயர்பக்கம். நம் வெயிலில் நல்லாக இருக்கிற ஏசி, எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது தாழ்பக்கம் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., உயர்பக்கம் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. அளவில் காட்டும். இரண்டும் குறைவு என்றால் காஸ் குறைவு. இரண்டும் கூட என்றால் காஸ் கூட, அல்லது ஃபான், கொண்டென்சர் பிழை, அல்லது வக்யூம் எடுக்காமல் அடித்ததால் உள்ளே காற்று நிற்கிறது. தாழ்பக்கம் கூடவும் உயர்பக்கம் குறையவும் இருந்தால் மட்டும்தான் கொம்பிரசரைச் சந்தேகிக்கவேண்டும். தாழ்பக்கம் பூச்சியத்துக்குக் கீழே இழுத்தால் எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைப்பு. எஞ்சின் நிற்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்துக்கு வந்து ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. காட்டுவதை வைத்துக்கொண்டு "காஸ் நிறைய இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 30 பாகை வெப்பத்தில் உள்ளே திரவமாகக் கொஞ்சம் காஸ் இருந்தாலே அந்த எண் வரும், எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது.

கொம்பிரசர்தான் என்று நிச்சயமானால் அதை மட்டும் மாற்றவேண்டாம். பழையது உடைந்து தேய்ந்திருந்தால் அதன் உலோகத் துகள் குழாய் முழுதும் ஓடியிருக்கும், குழாயைக் கழுவி, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றாவிட்டால் புதிதாகப் போட்டதும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு தாதி: 2001 விட்ஸ். வேலை வவுனியாவில், கிழமைக்கு ஒரு தடவை போய்வருகிறேன். கொடிகாமம்வரை நல்ல குளிர், ஆனையிறவு தாண்ட காற்று குறையத் தொடங்கும், கிளிநொச்சியில் ஃபானை நாலில் வைத்தாலும் காற்றே வராது. நிறுத்தித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் திரும்ப நல்லாக இருக்கிறது. காஸ் அடிக்கவேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி. நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் உள்ளே ஐஸ் உருகுகிறது. கூலிங் கொயில் பூச்சியப் பாகைக்குக் கீழே போய், அதில் படிகிற ஈரம் உறைந்து, காற்றுப் போகிற வழியை ஐஸ் மூடிவிடுகிறது. அடுத்த முறை காற்றுக் குறைந்ததும் ஏசி சுவிற்சை மட்டும் நிறுத்தி ஃபானை ஓடவிடுங்கள், ஐந்து பத்து நிமிடத்தில் காற்றுத் திரும்பி, காருக்கு அடியில் தண்ணி வழமையைவிடக் கூட ஊற்றினால் அதுதான். கொயிலில் குத்தி வைத்திருக்கிற ஒரு சின்ன வெப்ப உணரி, கொயில் உறையப் போகிறது என்று தெரிந்தால் கொம்பிரசரை நிறுத்தவேண்டும், அது பழுது அல்லது இடம் மாறிக் கிடக்கிறது. கூடவே டாஷ்போர்ட் பெட்டியின் பின்னால் ஃபில்டர் இருந்தால் கழற்றிப் பாருங்கள், அது அடைத்தாலும் காற்றுக் குறைந்து கொயில் உறையும். 2000க்குப் பின் வந்த பல ஜப்பான் கார்களில் அந்த ஃபில்டருக்கு இடம் இருக்கிறது, சிலவற்றில் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. அப்படியென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். காஸ் கொஞ்சம் குறைந்த நிலையிலும் சிலவேளை உறையும், ஆகவே உணரியும் ஃபில்டரும் சரியென்ற பிறகு கேஜைப் பார்க்கலாம்.

வேலணையிலிருந்து வான் உரிமையாளர்: டொல்பின் வான், ஹயருக்கு ஓடுகிறேன். நயினாதீவுக்கு ஆக்களை ஏற்றிப்போய்க் குறிகாட்டுவானில் மணிக்கணக்கில் நிற்கிறது வழமை. முன் ஏசி பரவாயில்லை, பின்னால் இருக்கிறவர்கள் வேர்க்கிறது என்று சண்டை பிடிக்கிறார்கள்.

அண்ணை, முன்னும் பின்னும் ஒரே கொம்பிரசர்தான், ஆனால் கூலிங் கொயில், எக்ஸ்பான்ஷன் வால்வ், காற்றை ஊதுகிற புளோவர் எல்லாம் தனித்தனி. அதனால் முன்பக்கம் குளிர்ந்தால் கொம்பிரசரும் கொண்டென்சரும் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் தேடுங்கள். முதலில் பின் யூனிட் காற்றை உறிஞ்சுகிற வலை. ஹயர் வானில் அது தூசியும் துணிப் பஞ்சும் பிடித்துக் கம்பளி மாதிரி ஆகியிருக்கும், கழற்றிக் கழுவினாலே அரைவாசிப் பிரச்சினை தீர்ந்த வான்கள் இருக்கின்றன. அது சரியென்றால் பின்னுக்குப் போகிற குழாய்கள். அவை தரைக்கு அடியால் போகின்றன, குறிகாட்டுவான் உப்புக் காற்றும் பண்ணைப் பாலத்து ஈரமும் நேரே அதில்தான் படுகின்றன, அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்திருந்தால் கசிவு அங்கேதான். வானைத் தூக்கி நிறுத்திக் குழாய் முழுதையும் பிடி கழற்றிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பிடி போட்ட இடத்துக்கு உள்ளேதான் முதலில் அரிக்கும். தீவுப் பக்கம் ஓடுகிற வாகனங்களுக்கு நான் ஒரு விஷயத்தை வற்புறுத்தியே சொல்வேன்: கிழமைக்கு ஒரு தடவையாவது அடிப்பக்கத்தையும் கொண்டென்சரையும் நல்ல தண்ணியில் கழுவுங்கள். சவர்த் தண்ணியில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடலாம்.

நிற்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து குளிர் குறைந்தால் அது வேறு. ஏசி போட்டதும் எஞ்சின் வேகம் கொஞ்சம் ஏறவேண்டும், அதற்கென்று வக்யூமில் வேலை செய்கிற ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, அதன் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் எஞ்சின் ஏறாது, கொம்பிரசர் போதிய வேகத்தில் சுற்றாது.

கோப்பாயிலிருந்து: காஸ் சரி, கேஜ் சரி, ஏசிக் குழாயைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது, தண்ணியும் சொட்டுகிறது. உள்ளே வருகிற காற்று மட்டும் சூடு. இரண்டு மெக்கானிக்மார் கைவிட்டுவிட்டார்கள்.

குளிர் உண்டாகிறது, பிறகு உங்கள் டாஷ்போர்டுக்குள் யாரோ அதைச் சூடாக்குகிறார்கள். அந்த யாரோ, ஹீற்றர். ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று எஞ்சின் சுடுதண்ணியை உள்ளே கொண்டுவருகிற ஒரு குட்டி ரேடியேட்டர் எல்லாக் கார்களிலும் இருக்கிறது. நமக்கு அது ஒருநாளும் தேவைப்படாதபடியால் அது இருப்பதையே மறந்துவிடுகிறோம். சுடுதண்ணியை மறிக்கிற வால்வோ, காற்றைத் திருப்புகிற கதவோ இறுகினால் குளிர்ந்த காற்று அந்தச் சூட்டின் மேலால் வந்துதான் உங்கள் முகத்தில் படும். எஞ்சின் சூடேறிய பிறகு, எஞ்சினிலிருந்து டாஷ்போர்ட் சுவருக்குள் போகிற இரண்டு ரப்பர் குழாயையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள், வெப்பக் கட்டுப்பாட்டைக் குளிர்ப்பக்கம் முழுதாக வைத்திருக்கும்போதும் இரண்டும் கொதித்தால் வால்வ் மூடவில்லை. எல்லாக் காரிலும் அந்த வால்வ் இருக்காது, அது இல்லாத கார்களில் கதவுதான் பிழை, அதன் கம்பி கழன்றதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்தக் குழாயில் ஒன்றைக் கிளாம்பால் இறுக்கி மூடிவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள், குளிர் திரும்பினால் பிழை எங்கே என்று நிச்சயம்.

அந்த வால்வ் ஏன் இறுகுகிறது தெரியுமா? ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றுவதால். நம் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும், எஞ்சின் சூடேறும், சில கார்களில் எஞ்சினைக் காப்பாற்ற ஏசி தானாக நின்றும்விடும். உரிய கூலன்ற் ஊற்றுங்கள், அவசரத்துக்கு வடித்த நீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணி. தண்ணி மட்டும் ஊற்றியிருந்தால் கெதியாகவே அதை வடித்துக் கூலன்றுக்கு மாற்றுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: அப்பாவின் 1988 நிசான் ட்ராட் சனி கார். பழைய காஸ்தான் போடவேண்டும், அது இப்போது கிடைக்காது, புதுக் காஸ் போட்டால் கொம்பிரசர் உடையும் என்கிறார்கள். சமையல் காஸ் அடித்தால் நல்லாகக் குளிரும் என்று ஒருவர் சொன்னார்.

சமையல் காஸ் விஷயத்தை முதலில் முடிக்கிறேன்: வேண்டவே வேண்டாம் தம்பி. அது குளிரும், பொய்யில்லை. ஆனால் அது எரிகிற வாயு, உங்கள் கூலிங் கொயில் இருப்பது ஆக்கள் இருக்கிற அறைக்குள், அது கசிந்தால் வாயு நிறைகிற இடமும் அதே அறை. புளோவர் மோட்டரில் ஒரு பொறி போதும். எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் காரில் முதலில் இருந்தது ஆர் 12. ஓசோன் படையை அரிக்கிற வாயுக்களை நிறுத்த 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது, இலங்கையும் அதில் சேர்ந்தது, 1990களின் நடுப்பகுதிக்குள் கார்க் கொம்பனிகள் ஆர் 134ஏக்கு மாறிவிட்டன, 2010 தொடக்கத்தோடு நம்மைப் போன்ற நாடுகளிலும் ஆர் 12 நிறுத்தம். மாற்றுவது செய்யக்கூடிய வேலை, பலர் செய்து நன்றாக ஓடுகிறார்கள். உடைகிறது என்ற பேச்சு எப்படி வந்தது என்றால், பழைய மினரல் எண்ணெய் புதுக் காஸோடு கரைந்து சுற்றி வராது, எண்ணெய் கொயிலில் தேங்கி நிற்கும், கொம்பிரசர் காய்ந்து போகும். ஆகவே பழைய எண்ணெயை முடிந்தளவு வடித்து, புதுக் காஸுக்குரிய எண்ணெய் ஊற்றவேண்டும். எஸ்ரர் வகை எண்ணெய் என்றால் மிச்சமிருக்கிற பழையதோடும் ஓரளவு ஒத்துப்போகும். டிரையரும் ரப்பர் வளையங்களும் புதிது, காஸ் ஏற்றுகிற வாய்க்குப் புது வகை அடப்டர், அளவு பழைய அளவில் 80 முதல் 90 வீதம். முன்னம் இருந்த அதே குளிர் நின்ற இடத்தில் வராது, அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். கொண்டென்சருக்கு முன்னால் ஒரு நல்ல மின் ஃபான் கூடப் போட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சரிக்கட்டப்படும்.

கார் கனகாலம் ஓடாமல் நின்றதா என்று எழுதவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களில் கொம்பிரசர் சீல் காய்ந்து காஸ் போனவை இருக்கின்றன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிழமைக்குப் பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள், மழைக்காலத்திலும்தான்.

நல்லூரிலிருந்து: 2012 அக்குவா ஹைபிரிட். ஏசி மங்கல். பக்கத்துக் கராச்சில் காஸும் எண்ணெயும் ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள்.

உடனே ஏற்றவேண்டாம். எந்த எண்ணெய் என்று முதலில் கேளுங்கள். உங்கள் கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது, மோட்டர் அந்த எண்ணெய்க்குள்ளேயே கிடக்கிறது. சாதாரணக் கார்களுக்கு ஊற்றுகிற பி.ஏ.ஜி. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தும், கொஞ்சம் கலந்தாலே மின்கசிவுப் பிழை காட்டிக் கார் நின்றுவிடலாம், கொம்பிரசர் போனால் அதன் விலை உங்களுக்குத் தெரியும். ஹைபிரிட்டுக்கென்று வருகிற எஸ்ரர் எண்ணெய்தான் ஊற்றவேண்டும், மற்றக் கார்களுக்குப் பாவித்த அதே கேஜ் குழாயைக் கழுவாமல் பூட்டினாலும் அதில் நிற்கிற எண்ணெய் உள்ளே போகும். ஹைபிரிட் வேலை செய்கிற இடத்தில் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. பின் இருக்கைப் பக்கத்தில் ஒரு காற்று வலை இருக்கிறதல்லவா, அதன் வழியாகத்தான் ஹைபிரிட் பற்றரி உங்கள் அறைக் காற்றை உறிஞ்சித் தன்னைக் குளிரவைக்கிறது. ஏசி மங்கினால் பற்றரிக்கும் சூட்டுக் காற்றுத்தான். வலையின் மேல் பையோ துவாயோ வைக்காதீர்கள், உள்ளே தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி: ஏசி போட்டதும் பூஞ்சண மணம், இடதுபக்கக் கால்விரிப்பும் ஈரம். வீட்டில் வேம்பின் கீழ்தான் கார் நிற்கிறது.

பிள்ளை, வேம்பின் நிழலை விடவேண்டாம். வெயிலில் மூடி நின்ற காருக்குள் சூடு எங்கேயோ போய்விடும். ஆனால் முன் கண்ணாடிக்குக் கீழ் இருக்கிற வலையைத் தூக்கிப் பாருங்கள், இலையும் பூவும் குவிந்திருக்கும், அது காற்று வழியையும் அடைக்கும், புளோவருக்குள்ளும் போய்க் கொயிலில் ஒட்டி ஈரத்தில் அழுகும், மணம் அதுதான். கால்விரிப்பு ஈரம், கொயில் தண்ணி வெளியேறுகிற சின்னக் குழாய் அடைத்ததால். காருக்கு அடியில் அதன் முனையைத் தேடி மெல்லிய கம்பியை மென்மையாக விட்டு எடுங்கள். வீடு வர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை நிறுத்தி ஃபானை மட்டும் ஓடவிட்டால் கொயில் காயும், பூஞ்சணம் திரும்பப் பிடிக்காது.

வெயிலில் நின்ற காரில் ஏறினால் முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓடுங்கள், சூட்டுக் காற்று போனதும் மூடி, உள்காற்றுச் சுவிற்சைப் போடுங்கள். அது வெளிக்காற்றில் கிடந்தால் 35 பாகைக் காற்றை ஏசி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குளிரவைக்கவேண்டும். இந்தச் சுவிற்ச் பிழையான பக்கம் கிடந்ததற்குக் காஸ் அடித்தவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

மானிப்பாயிலிருந்து: தாத்தாவின் மொறிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது, 1098 சி.சி. எஞ்சின். கலியாண வீடுகளுக்குக் கேட்கிறார்கள். ஏசி பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் வேண்டாம் என்பதுதான் என் பதில். 48 குதிரைவலு எஞ்சின், அதில் நாலைந்து குதிரைவலுவைக் கொம்பிரசர் எடுத்துவிடும். ஒரிஜினல் டைனமோ 22 அம்பியர்தான், அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தராது. ஏசி ஃபானும் புளோவரும் சேர்ந்து கேட்பது அந்த அளவை விழுங்கிவிடும், ஆகவே ஓல்ற்றனேற்றர், பெரிய ரேடியேட்டர், மின் ஃபான் எல்லாம் மாற்றவேண்டி வரும். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலும் ஓடித் தப்பிய கார் ஒன்றை அப்படி வெட்டித் துளைக்க எனக்கு மனம் வரவில்லை. கூரையின் உட்பக்கத் துணிக்கு மேலே வெப்பம் மறைக்கிற விரிப்பு ஒட்டுங்கள், எஞ்சின் சுவரில் உள்பக்கமாகவும் ஒட்டுங்கள், கால்மாட்டுச் சூடு நன்றாகக் குறையும். முன் கதவின் முக்கோணக் கண்ணாடியின் ரப்பரைப் புதிதாக்கி, அதைத் திருப்பி வைத்து ஓடிப் பாருங்கள், காற்று நேரே மடியில் வந்து விழும். மாப்பிள்ளையை ஏற்றுவதென்றால் காலமை ஒன்பது மணிக்கு முன் முகூர்த்தம் உள்ள கலியாணங்களை எடுங்கள்.